ரிசல்ட்டுக்கு அப்புறம்: பட்டாசு ஊரில் ஜீரோவிலிருந்து இயற்பியல்

திருத்தங்கல் பக்கமிருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்திருக்கிறது. ஒன்றே முக்கால் நிமிஷம். பின்னணியில் கோழி கொக்கரிக்கிறது, யாரோ "தண்ணி வந்திருச்சு" என்று குரல் கொடுக்கிறார்கள். நடுவில் அந்தத் தங்கச்சி மூச்சுவிடாமல் பேசுகிறார். ப்ளஸ் டூ பாஸ். இயற்பியலில் நூற்றுக்கு 78. கவுன்சலிங்கில் கிடைத்தது பி.எஸ்சி இயற்பியல். அம்மா பட்டாசு ஆலையில், அப்பா லோடு ஏற்றும் வேலையில். வீட்டில் முதல் டிகிரி இவர்தான். எல்லாரும் சந்தோஷமாக இருக்க, இவருக்கு மட்டும் தூக்கம் வரவில்லையாம்.

"அக்கா, 78 வாங்குனேன். ஆனா எனக்கு ஃபிசிக்ஸ் சுத்தமா தெரியாது. ஜீரோல இருந்து ஆரம்பிக்கணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

78 மார்க் வாங்கியவருக்கு இயற்பியல் தெரியாதா என்று பெரியவர்கள் கேட்கலாம். ப்ளஸ் டூ படித்துச் சமீபத்தில் வெளியே வந்தவர்கள் கேட்க மாட்டார்கள். மார்க் கணக்கைப் பாருங்கள். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் 15 கேள்விகள் ஒரு மார்க். விடை நான்கில் ஒன்று. மிச்சம் இரண்டு, மூன்று, ஐந்து மார்க் கேள்விகள். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளையும் பழைய வினாத்தாள்களையும் உருப்போட்டால் பெரும்பகுதி தேறிவிடும். 'தருவி' என்று கேட்டால் தருவித்துவிடலாம், ஒரு வரி புரியாமலே.

விருதுநகர் மாவட்டம் இந்தக் கலையில் கில்லாடி. ப்ளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்தின் முன்வரிசையை விட்டு நகராத மாவட்டம் இது. 2023-ல் 97.85 சதவிகிதத்தோடு முதலிடம். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் டெஸ்ட் என்று பிள்ளைகளை இழுத்துக் கரையேற்றும் ஆசிரியர்களின் உழைப்பு அது. தீப்பெட்டிக் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த வீடுகளிலிருந்து கல்லூரிக்குப் பிள்ளைகள் போவது அதனால்தான். ஆனால், பாஸ் ஆவதும் பாடம் தெரிவதும் வேறு வேறு. முதல் செமஸ்டர் அதைக் கறாராகச் சொல்லிவிடும்.

ரிசல்ட் மே மாதம். வகுப்பு தொடங்க ஜூன் கடைசியோ ஜூலை தொடக்கமோ ஆகும். நடுவே ஆறேழு வாரம், நீட்டினால் எட்டு. இந்தப் பகுதியில் அந்த வாரங்களில் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. குழாய் சுற்றவும் பெட்டி ஒட்டவும் அச்சகத்தில் தாள் மடிக்கவும் போய்விடுகிறார்கள். காலேஜ் ஃபீஸுக்கும் புது செருப்புக்கும் அதுதான் காசு. அதனால் "தினமும் எட்டு மணி நேரம் படி" என்று யாராவது அட்வைஸ் செய்தால் அது இந்த ஊருக்கான அட்வைஸ் இல்லை. ராத்திரி ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம். அதை வைத்து என்ன செய்யலாம் என்பதுதான் இந்த வாரக் கட்டுரை.

அதற்கு முன், இதே மாவட்டத்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வத்திராயிருப்பிலிருந்து கல்கத்தாவுக்கு

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4-ம் தேதி பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். சுருக்கமாக கே.எஸ். கிருஷ்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் உயர்நிலைப்பள்ளி. பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. படிப்பு முடிந்ததும் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே வேதியியல் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. கவனியுங்கள், வேதியியல்.

அங்கே அவர் மதிய உணவு இடைவேளையில் ஒரு காரியம் செய்தார். யார் வேண்டுமானாலும் வரலாம், இயற்பியல், வேதியியல், கணிதம் எதில் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். சிலபஸ் கிடையாது, அட்டெண்டன்ஸ் கிடையாது. வேறு கல்லூரிப் பையன்கள்கூட வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

1920-களின் தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டு கல்கத்தா போனார், இயற்பியல் படிக்க. அங்கே சி.வி. ராமனிடம் சேர்ந்தார். 1928 பிப்ரவரியில் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது பக்கத்தில் நின்று பரிசோதனைகளைச் செய்தவர் கிருஷ்ணன்தான். அந்த மார்ச் 31-ம் தேதி 'நேச்சர்' இதழில் வந்த அறிவிப்பில் இரண்டு பெயர்கள் இருந்தன: ராமன், கிருஷ்ணன். 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். கிருஷ்ணன் பிறகு டாக்கா, மறுபடி கல்கத்தா, அலகாபாத் என்று போய், 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார்.

இன்னொரு விஷயம். கிருஷ்ணன் கல்கத்தா போன அதே காலத்தில், சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்களும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். அவர்கள் போனது தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ள. 1923-ல் திரும்பி வந்து தொழிலைத் தொடங்கினார்கள். இன்றைய சிவகாசி அங்கிருந்துதான் வளர்ந்தது. ஒரே மாவட்டம், ஒரே திசை. ஒருத்தர் வெளிச்சத்தைப் பற்றிக் கற்கப் போனார், இரண்டு பேர் நெருப்பு உண்டாக்கும் தொழிலைக் கற்கப் போனார்கள். மூன்று பேருமே தெரியாத ஊரில், தெரியாத பாஷைக்கு நடுவே, அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தவர்கள்.

சிவகாசிக்கு இன்னொரு முகமும் உண்டே, அச்சுத் தொழில். காலண்டர், டைரி, நோட்டு பைண்டிங். லண்டனில் 1805-ல், பதினான்கு வயதுப் பையன் ஒருவன் பைண்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஏழு வருஷம் பயிற்சி. பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் பிரித்து ஒட்டுவதற்கு முன் படித்தான். ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அதைத் தானே பைண்டு செய்து அவருக்கே அனுப்பினான். 1813-ல் அவரிடம் உதவியாளர் வேலை கிடைத்தது. மைக்கேல் ஃபாரடே. உங்கள் வீட்டு மிக்ஸி மோட்டாரும், ஊருக்குக் கரன்ட் தரும் ஜெனரேட்டரும் அவர் கண்டுபிடித்த அடிப்படைகளில் ஓடுகின்றன.

ஃபாரடேவுக்குக் கணக்கு வராது என்று ஒரு கதை எல்லா மோட்டிவேஷன் வீடியோவிலும் வரும். உண்மைதான், அவர் கணக்கில் முறையாகப் படித்தவர் இல்லை. அவர் பார்த்ததைச் சமன்பாடாக்க பின்னால் ஒரு மேக்ஸ்வெல் வர வேண்டியிருந்தது. நம் செமஸ்டர் பேப்பரை எழுத மேக்ஸ்வெல் வர மாட்டார். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

ஜீரோ எங்கே இருக்கிறது?

'முதலிலிருந்து' என்றதும் பலர் பதினோராம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதியைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் வெக்டர் வரும், நான்காம் நாள் வகையீடு வரும், ஐந்தாம் நாள் புத்தகம் அலமாரிக்குப் போகும். காரணம், அந்தப் புத்தகத்துக்கும் கீழே படிகள் இருக்கின்றன.

முதல் இரண்டு வாரத்துக்கு ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகங்களின் இயற்பியல் பாடங்கள் மட்டும் போதும். வெட்கப்பட ஒன்றுமில்லை, யாரும் வந்து அட்டையைப் பார்க்கப்போவதில்லை. தம்பி தங்கையிடம் இருக்கும், இல்லையென்றால் பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாக இறங்கும். கூடவே கணக்கில் நான்கு விஷயங்களைத் தேய்க்க வேண்டும்: பின்னம், விகிதம், சமன்பாட்டில் வேண்டியதை ஒரு பக்கம் கொண்டுவருவது, வரைபடத்தின் சாய்வு. சைன், காஸ் மூன்றாம் வாரத்தில் வரட்டும். வகையீடு அதற்கும் அப்புறம். சாய்வு புரிந்தவருக்கு வகையீடு புதுசு இல்லை, ஒரு புள்ளியில் எடுக்கும் சாய்வு, அவ்வளவுதான்.

சாய்வு புரிய ஒரு பஸ் பயணம் போதும். விருதுநகர் - சிவகாசி சுமார் 27 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 54 நிமிஷம் ஆகிறது. சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். 3.6-ஆல் வகுத்தால் விநாடிக்கு 8.3 மீட்டர். இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று போனில் பார்த்துக் குறியுங்கள். நேரம் கீழே, தூரம் மேலே. கோடு படுத்திருக்கும் இடத்தில் பஸ் ஸ்டாப்பில் ஆள் ஏறிக்கொண்டிருந்திருப்பார்கள். செங்குத்தாக ஏறும் இடத்தில் டிரைவர் அண்ணன் அழுத்தியிருப்பார். அந்தச் சாய்வுதான் வேகம். இதைக் கையால் வரைந்து பார்த்தவருக்கு இயக்கவியல் பாடத்தில் வரும் படங்கள் கோலப்புள்ளி மாதிரி பழகிவிடும்.

சாவியும் நூலும்

எட்டு வாரத்தில் ஒரே ஒரு பரிசோதனைதான் செய்ய முடியும் என்றால் தனி ஊசலைச் செய்யுங்கள் என்பேன். பள்ளியில் செய்திருப்பீர்கள், அல்லது ரெக்கார்டு நோட்டில் மட்டும் செய்திருப்பீர்கள்.

ஒரு தையல் நூல், ஒரு கனமான பூட்டுச்சாவி, நிலைக்கட்டையில் ஓர் ஆணி. ஆணியிலிருந்து சாவியின் நடுவரைக்கும் சரியாக 1 மீட்டர். லேசாக, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் இழுத்து விடுங்கள். போன் ஸ்டாப்வாட்ச்சில் 20 அலைவுகளுக்கு நேரம் எடுங்கள். போய்த் திரும்பி வந்தால்தான் ஒரு அலைவு. சுமார் 40 விநாடி வரும். அதாவது ஒரு அலைவுக்கு 2 விநாடி.

இனி நூலைப் பாதியாக்கி 50 சென்டிமீட்டர் வையுங்கள். நேரமும் பாதியாகும் என்றுதான் மனசு சொல்லும். ஆகாது. 20 அலைவுக்கு 28 விநாடி சொச்சம் வரும். நேரம் பாதியாக வேண்டுமென்றால் நூல் கால் பங்காக, 25 சென்டிமீட்டராக வேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மனசு சொன்னது ஒன்று, நூல் சொல்வது ஒன்று. நூல் சொல்வதைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். சாவியை மாற்றி, அதைவிடக் கனமான பூட்டையே கட்டிப் பாருங்கள். தொங்கும் பொருளின் நடுவரைக்கும் அதே நீளம் இருந்தால் நேரம் மாறாது.

100, 80, 60, 40, 25 சென்டிமீட்டர் என்று ஐந்து நீளங்களுக்கு எடுங்கள். அலைவு நேரத்தைத் தன்னாலேயே பெருக்குங்கள், அதாவது வர்க்கம். வரைபடத்தாளில் வர்க்கம் கீழே, நீளம் மேலே. ஐந்து புள்ளியும் ஒரே கோட்டில் வந்து உட்காரும். அந்தக் கோட்டின் சாய்வு 0.25-க்குப் பக்கத்தில் இருக்கும். அதை 4 பை ஸ்கொயரால், அதாவது 39.5-ஆல் பெருக்குங்கள். 9.8-க்கு அருகில் ஒரு எண் வரும்.

அது பூமி உங்கள் சாவியை இழுக்கும் இழுப்பின் அளவு. புத்தகத்தில் 'ஜி-யின் மதிப்பு 9.8' என்று அச்சடித்திருந்ததை இத்தனை வருஷம் நம்பினீர்கள். இப்போது உங்கள் வீட்டு நிலைக்கட்டையில் அதை நீங்களே எடுத்திருக்கிறீர்கள். 9.5 வந்தாலும் 10.1 வந்தாலும் பரவாயில்லை. ஏன் அப்படி வந்தது என்று யோசிப்பதற்குத்தான் 'அளவீட்டியல்' என்று பதினோராம் வகுப்பில் முதல் பாடமே வைத்திருக்கிறார்கள். நூல் நீளத்தை எங்கிருந்து எங்கே அளந்தீர்கள்? ஸ்டாப்வாட்ச்சை அழுத்திய விரலின் தாமதம் எவ்வளவு? ஒரு அலைவுக்குப் பதில் இருபதை எடுக்கச் சொன்னது ஏன்? அந்தத் தாமதத்தை இருபதாகப் பங்குபோட்டுச் சின்னதாக்கத்தான்.

இந்த 9.8 கையில் வந்தபின் ஊர்க் கிணற்றுக்குப் போங்கள். கைப்பிடிச்சுவர் உள்ள கிணறு, கூட ஒரு ஆள். சிறு கல்லைப் போட்டால் 2 விநாடியில் சத்தம் கேட்கிறதா? பாதி பெருக்கல் 9.8 பெருக்கல் 2-ன் வர்க்கம். 19.6 மீட்டர். சத்தம் மேலே ஏறிவரும் நேரத்தைக் கழிக்க வேண்டாமா என்று கேட்பவருக்கு இயற்பியல் வர ஆரம்பித்துவிட்டது. கழிக்கலாம். அது 0.06 விநாடிக்கும் குறைவு, விரல் தாமதத்தைவிடச் சின்னது.

ஆலை வாசலில் ஒரு செம்புத் தகடு

இந்தப் பகுதியில் பட்டாசை வைத்து இயற்பியல் சொல்லித்தருகிறேன் என்று யாராவது கிளம்பினால் ராக்கெட்டும் சங்குசக்கரமும் நியூட்டனின் மூன்றாம் விதியும்தான் வரும். சரிதான், ஆனால் எல்லாரும் சொல்லிச் சலித்த உதாரணம். நான் வேறொன்றைச் சொல்கிறேன்.

அம்மாவோ சித்தியோ ஆலைக்குப் போகிறவர் என்றால் கேட்டுப் பாருங்கள். மருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவார்கள். ஏன் என்று கேட்டால், "உடம்புல கரன்ட் இருக்கும், அது இறங்கணும்" என்பார்கள். பாலியஸ்டர் சேலை கூடாது, பருத்திதான் என்பார்கள். இரும்புக் கருவி கூடாது என்பார்கள். வாய்ப்பாடு தெரியாமலே நிலைமின்னியல் தெரிந்தவர்கள்.

வாய்ப்பாட்டை நாம் போடுவோம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் முதல் பாடத்திலேயே மின்தேக்கி வருகிறது. அதில் சேரும் ஆற்றல், பாதி பெருக்கல் மின்தேக்குத் திறன் பெருக்கல் மின்னழுத்தத்தின் வர்க்கம். மனித உடம்பும் ஒரு மின்தேக்கிதான். ஏறத்தாழ 100 பிகோஃபாரட். வறண்ட நாளில் செயற்கை நூல் துணியோடு நடந்தால் உடம்பில் 5,000 வோல்ட் ஏறிவிடுவது சாதாரணம். கணக்கு போட்டால் 1.25 மில்லிஜூல். மிகச் சின்ன ஆற்றல், விரலில் 'சுள்' என்று ஒரு சிறு உதை. ஆனால் உராய்வுக்கும் பொறிக்கும் பயந்த சில கலவைகள் பற்றிக்கொள்ள இதைவிடக் குறைவே போதும். அந்தத் தகட்டைத் தொட்டால் மின்னூட்டம் மண்ணுக்கு இறங்கி, வோல்ட் பூஜ்ஜியமாகிவிடுகிறது. வர்க்கம் என்பதால் வோல்ட் பாதியானாலே ஆற்றல் கால் பங்குதான்.

நூலையும் சாவியையும் வைத்துப் பார்த்த அதே வர்க்கம்தான் இங்கே உயிரைக் காக்கிறது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தை இந்தப் பகுதியில் மறந்தவர்கள் இல்லை. அதற்கு முன்பும் பின்பும் நடந்தவற்றையும்தான். விபத்துக்கான காரணங்கள் பெரும்பாலும் இயற்பியலுக்கு வெளியே இருக்கின்றன: அவசர ஆர்டர், அறைக்குள் அளவுக்கு மீறிய ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து, குத்தகைக்கு விட்ட ஷெட். ஆனாலும் இந்த ஊரிலிருந்து இயற்பியல் படிக்கப் போகிற ஒரு பிள்ளைக்கு மின்னூட்டம், உராய்வு, வெப்பம் மூன்றும் வெறும் செமஸ்டர் தலைப்புகள் இல்லை. உரிமம் தரும், பாதுகாப்பைச் சோதிக்கும் மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அலுவலகம் சிவகாசியிலேயே இருக்கிறது. அந்த மாதிரி நாற்காலிகளில் ஆலைத் தொழிலாளியின் மகள் உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு கண்டிப்பான வார்த்தை. எந்தப் பரிசோதனைக்கும் ஆலை மருந்தையோ பட்டாசைப் பிரித்த பொடியையோ தொடாதீர்கள். நிறத்தைப் படிக்க வேண்டுமா? அம்மா சமைக்கும்போது உப்புத்தண்ணீர் அடுப்பில் தெறித்தால் சுடர் மஞ்சளாவதைப் பாருங்கள், சோடியம். ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, பேரியம் பச்சை, செம்பு நீலம். பேரியம் உப்புகளுக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டபோது சிவகாசி முழுக்க அந்தப் பெயர் அடிபட்டதே, அதே பேரியம்தான். சுடரின் சூட்டில் அணுவும் மூலக்கூறும் வாங்கிய ஆற்றலை குறிப்பிட்ட நிறத்தில் மட்டும் திருப்பித் தருகின்றன. ஏன் குறிப்பிட்ட நிறம் மட்டும் என்பதுதான் அணு இயற்பியலின் வாசல்படி. ராமனும் கிருஷ்ணனும் பார்த்தது இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். ஒரு நிற ஒளியைத் திரவத்துக்குள் அனுப்பினால், வெளியே வருவதில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வருகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது அந்தப் பொருளின் கைரேகை. கண்ணாடிக் குப்பியைத் திறக்காமலே உள்ளே இருப்பது எந்த ரசாயனம் என்று சொல்லும் கைக்கருவிகள் இன்று அந்த விளைவில்தான் ஓடுகின்றன.

உந்தம், மொமெண்டம்

இன்னொரு சுவர், மொழி. பள்ளியில் தமிழ் வழி, கல்லூரியில் ஆங்கிலம். விசை ஃபோர்ஸ் ஆகும், முடுக்கம் ஆக்ஸிலரேஷன் ஆகும், உந்தம் மொமெண்டம் ஆகும். பாதிப் பேர் முதல் செமஸ்டரில் தடுக்கி விழுவது பாடத்தில் இல்லை, இந்தப் பெயர்மாற்றத்தில்.

இதற்கு ஒரே ஒரு வேலை. பாடநூல் தளத்தில் ஒரே புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. இரண்டையும் இறக்குங்கள். தமிழில் ஒரு பக்கம் படித்துப் புரிந்தபின், அதே பக்கத்தை ஆங்கிலத்தில் சத்தமாக வாசியுங்கள். கலைச்சொற்களை ஒரு குயர் நோட்டில் ஜோடி ஜோடியாக எழுதுங்கள். பல கல்லூரிகளில் முதல் பருவத்தில் பருப்பொருளின் பண்புகளும் ஒலியியலும் வரும். அதனால் மீட்சியியல் - எலாஸ்டிசிட்டி, பாகுநிலை - விஸ்காசிட்டி, பரப்பு இழுவிசை - சர்ஃபேஸ் டென்ஷன் இந்த மூன்று குடும்பத்தையும் முதலில் பழகுங்கள். பதினோராம் வகுப்பு இரண்டாம் தொகுதியில் ஏழாவது பாடம் முழுக்க இதுதான்.

தமிழில் படித்ததில் ஒரு லாபமும் உண்டு. 'வேகம்', 'திசைவேகம்' என்று சொல்லும்போதே வித்தியாசம் சொல்லுக்குள் இருக்கிறது. ஸ்பீடு, வெலாசிட்டி என்றால் மனப்பாடம்தான். ஆனால் 'வேலை' என்ற சொல் காலை வாரிவிடும். 20 கிலோ பெட்டியை 1 மீட்டர் தூக்கினால் 196 ஜூல் வேலை. ஒரு 9 வாட் எல்.இ.டி பல்பு 22 விநாடி எரிய ஆகும் ஆற்றல். அதே பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு லாரிக்காக ஒரு மணி நேரம் நின்றால் இயற்பியல் கணக்கில் வேலை பூஜ்ஜியம். காத்திருந்த நேரத்துக்குக் கூலி கிடையாது என்பதில் மேஸ்திரிமார்களும் நியூட்டன் கட்சிதான்!

மூன்றாம் வாரத்திலிருந்து பதினோராம் வகுப்புக்கு ஏறலாம். எல்லாப் பாடமும் வேண்டாம். அளவீட்டியல், இயக்கவியல், இயக்க விதிகள், வேலை-ஆற்றல்-திறன், அப்புறம் சொன்ன ஏழாவது பாடம், கடைசியாக அலைவுகள், அலைகள். பன்னிரண்டில் நிலைமின்னியல் மட்டும். மிச்சத்தைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும். வாரம் ஒரு பாடம்கூட வேண்டாம். ஒரு பாடத்தில் பத்து கணக்கு, விடையைப் பார்க்காமல். கணக்கு வராமல் அரை மணி நேரம் முழிப்பதும் படிப்பில் சேர்த்திதான்.

யூடியூபைப் பற்றிக் கேட்பீர்கள். தமிழில் நல்ல பாடங்கள் இருக்கின்றன, கல்வித் தொலைக்காட்சியின் வீடியோக்களும் இருக்கின்றன. ஆனால் சமையல் வீடியோ பார்த்துப் பசி ஆறாது. ஒரு வீடியோவுக்கு இரண்டு கணக்கு என்று விகிதம் வைத்துக்கொள்ளுங்கள். 'பெட்' என்ற பெயரில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் உருவகப் பரிசோதனைகள் போனிலேயே ஓடும், சிலவற்றுக்குத் தமிழும் உண்டு. ஊசல், மின்சுற்று, அலை எல்லாம் விரலால் இழுத்துப் பார்க்கலாம். நிஜச் சாவியையும் நூலையும் செய்தபின் பாருங்கள், அந்த வரிசை முக்கியம். எச்.சி. வர்மாவின் தடிப் புத்தகத்தை யாராவது இப்போதே வாங்கச் சொன்னால் பணத்தைப் பத்திரப்படுத்துங்கள். நல்ல புத்தகம், ஆனால் இரண்டாம் செமஸ்டருக்கு நூலகத்தில் கிடைக்கும்.

இதே கேள்வியை வேறு ரூபத்தில் கேட்டவர்களும் உண்டு. "நான் காமர்ஸ் குரூப், இப்போ ஃபிசிக்ஸ் படிக்க முடியுமா?" பி.எஸ்சி இயற்பியலுக்கு ப்ளஸ் டூ-வில் இயற்பியலும் கணிதமும் கேட்பார்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் வேண்டிய பாடத்தை மட்டும் தனியாகப் பதிந்து எழுதும் வழி இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன், சேர நினைக்கும் கல்லூரியில் அந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று நேரில் கேட்டு வாருங்கள். போனில் கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

தனியாகப் படிக்காதீர்கள். கிருஷ்ணனின் மதிய இடைவேளை மாதிரி ஒன்றை உங்கள் தெருவில் ஆரம்பிக்கலாம். மூன்று பேர் போதும். ஞாயிற்றுக்கிழமை கிளை நூலகத்திலோ கோயில் மண்டபத்திலோ. ஒரே நிபந்தனை, எந்தக் கேள்விக்கும் யாரும் சிரிக்கக் கூடாது. அம்மாக்களையும் கூப்பிடுங்கள், செம்புத் தகட்டைப் பற்றி அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

முதல் ஞாயிறுக்கு ஒரு கணக்கு. சாயங்காலம் தூரத்தில் வாணவெடி பிரிகிறது. வெளிச்சம் தெரிந்து 0.6 விநாடி கழித்துச் சத்தம் கேட்கிறது. காற்றில் ஒலியின் வேகம் 0 டிகிரியில் விநாடிக்கு 331 மீட்டர், டிகிரிக்கு 0.6 மீட்டர் வீதம் கூடும். அன்றைக்கு நம்ம ஊர் வெயில் 35 டிகிரி. வெடி பிரிந்த இடம் தரையிலிருந்து 30 டிகிரி கோணத்தில் தெரிந்தது. அது எவ்வளவு உயரம்? ஸ்டாப்வாட்ச்சில் 0.2 விநாடி பிழை இருந்திருந்தால் உயரத்தில் எத்தனை மீட்டர் தப்பும்?

விடையை வழக்கமான வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். வெறும் எண் வேண்டாம், நோட்டில் போட்ட வழியைப் படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த வாரம் பார்ப்போம்.